ஈயம் பூச வந்தவர் காட்டியது வெள்ளீயமா, காரீயமா?

கேள்வி: 2024 ஜனவரி 4, உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி

அம்மம்மாவின் பித்தளைச் சருவம் ஒன்று எங்களிடம் இருக்கிறது. உள்ளே பூசிய ஈயம் தேய்ந்து அடியில் மஞ்சள் தெரிகிறது. இந்தப் பொங்கலுக்கு அதில்தான் பொங்க வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நிற்கிறா. நேற்று ஈயம் பூசுகிறவர் ஒருவர் தெருவால் வந்தார். அவர் காட்டிய கட்டி சாம்பல் நிறம். "சுத்த ஈயம், பயப்படாதேங்கோ" என்றார். ஈயம் நஞ்சு என்றல்லவா பள்ளிக்கூடத்தில் படித்தோம்? தகரம் பூசுவது என்றும் சிலர் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

ஜனவரி 4, இரவு

இப்போதைக்குப் பூச விடவேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம்மவர் வாயில் ஈயம் என்பது இரண்டு உலோகத்துக்குப் பெயர். பாத்திரத்துக்குப் பூசுவதும் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு செய்வதும் வெள்ளீயம். மீன்வலையில் கட்டும் குண்டும் கார் பற்றரிக்குள் இருக்கும் தட்டும் காரீயம். நீங்கள் நஞ்சு என்று படித்தது காரீயத்தை. வெள்ளீயம் சாப்பாட்டோடு கொஞ்சம் உள்ளே போனால் உடம்பு பெரும்பாலும் அதை எடுத்துக்கொள்ளாமலே வெளியேற்றிவிடும். காரீயம் எலும்பில் போய்த் தங்கும், பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல அதற்கு ஓர் அளவே இல்லை.

தகரம் இன்னொரு குழப்பம். பழைய அகராதியில் தகரம் என்றால் வெள்ளீயம்தான். இன்றைக்குத் திருகோணமலை மெயின் வீதியில் ஒரு கடைக்குப் போய்த் தகரம் கேட்டால் கூரைத் தகடு எடுத்துப் போடுவார்கள். அது நாகம், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு. மீன்பேணியும் பால்பேணியும் வெள்ளீயம் பூசிய இரும்பு. மேலே பூசியதன் பெயர் அடியில் இருந்த இரும்புக்குப் போய்விட்டது.

கட்டியை எப்படிச் சோதிப்பது? மெல்லிய துண்டாக இருந்தால் காதருகே பிடித்து வளையுங்கள். வெள்ளீயம் நெறுநெறுவென்று சத்தம் போடும். உள்ளே இருக்கும் படிகங்கள் சட்டென்று திசை மாறுவதால் வரும் சத்தம் அது. காரீயம் பேசாமல் வளையும். நாற்பது வருடம் றேடியோ திருத்தியவன் நான். இந்தச் சத்தத்தை நம்பித்தான் ஈயம் வாங்கியிருக்கிறேன்.

ஜனவரி 5, காலை

எழுத மறந்தது. காரீயத்தைக் காகிதத்தில் தேய்த்தால் பென்சில் போலக் கோடு விழும். வெள்ளீயம் அப்படிக் கோடு போடாது. ஒரே அளவுக் கட்டி என்றால் காரீயம் ஒன்றரை மடங்கு பாரம்.

ஜனவரி 5, பின்னேரம்

காலையில் எழுதிய பிறகு மனம் டைக் வீதி வீட்டு முற்றத்துக்குப் போய்விட்டது. எனக்கு அப்போது ஏழெட்டு வயது. ஈயம் பூசுகிறவர் வந்தால் அந்த ஒழுங்கையில் உள்ள பிள்ளைகள் எல்லோரும் அங்கேதான். மண்ணில் ஒரு குழி, அதற்குள் சிரட்டைக்கரி, பக்கத்தில் தோல் துருத்தி. பாத்திரத்தைப் புளியும் மணலும் போட்டுத் தேய்த்துக் கழுவி நெருப்பில் காட்டுவார். சூடேறியதும் நவச்சாரத் தூளைத் தூவுவார். குப்பென்று வெள்ளைப் புகை எழும்பும், மூக்கில் சுள்ளென்று ஏறும். சூட்டில் பித்தளை மேல் படிகிற மாசை நவச்சாரம் தின்றுவிடும். மாசு இருந்தால் ஈயம் ஒட்டாது, முத்து முத்தாக உருண்டு ஓடும். பிறகு ஈயக்கம்பியை ஓரிடத்தில் தொட்டுப் பஞ்சால் ஒரு இழுப்பு. மஞ்சளாய் இருந்த சருவம் கண்முன்னே வெள்ளியாக மாறும். இவ்வளவு குறைந்த நெருப்பில் இது நடக்கக் காரணம், வெள்ளீயம் 232 பாகையிலேயே உருகிவிடுவது. காரீயத்துக்கு 327 வேண்டும். செம்புக்கு ஆயிரத்துக்கு மேல்.

அம்மா சும்மா பார்த்துக்கொண்டு நிற்க மாட்டா. கம்பியை வாங்கி, காதில் வைத்து, வளைத்துப் பார்ப்பா. சத்தம் வந்தால்தான் பாத்திரம் வெளியே வரும். வளைத்துக் கேட்கிற பழக்கம் அவவிடமிருந்து எனக்கு வந்தது.

ஜனவரி 6

பூசாமல் அப்படியே சமைத்தால் என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பித்தளை என்பது செம்பும் நாகமும். பழப்புளி, தேசிக்காய், மோர் எது பட்டாலும் களிம்பு ஏறும். அந்தப் பச்சை வயிற்றைப் புரட்டும். அதைத் தடுக்கத்தான் பூச்சு. "ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை" என்பார்கள். உள்ளே ஈயம் இல்லாவிட்டால் பித்தளைச் சருவத்தில் ஒரு புளிக்கறி வைக்க முடியாது.

தங்கச்சி, இந்தப் பொங்கலுக்குப் புது மண்பானை வாங்குங்கோ. சருவம் ஓடிப்போகாது.

ஜனவரி 8, மாலை

மூதூரிலிருந்து ஓர் ஆசிரியர் எழுதியதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். வெள்ளீயத்தில் கொஞ்சம் காரீயம் கலந்திருந்தாலும் சத்தம் வரலாம், மெலிந்துதான் போகும் என்கிறார். காட்மியம் என்ற உலோகமும் வளைத்தால் நெறுநெறுக்கும், அது காரீயத்தைப் போலவே கெட்டது. ஆக, சத்தம் வராவிட்டால் வேண்டாம் என்று தள்ளலாம்; சத்தம் வந்ததை மட்டும் வைத்து நல்லது என்று எடுக்க முடியாது. ஜனவரி 4இல் நான் எழுதியது பாதி உண்மை.

சரியான வழி நிறுத்துப் பார்ப்பது. சமையலறை இலத்திரனியல் தராசு போதும். முதலில் கட்டியை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு கிண்ணம் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். கட்டியை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுதாக இறக்குங்கள். அடியிலும் பக்கத்திலும் முட்டக்கூடாது. இப்போது தராசு காட்டும் கிராம்தான் கட்டியின் கன அளவு. முதல் நிறையை அதால் வகுங்கள்.

சுத்த வெள்ளீயம் என்றால் 7.3 வரும். பத்துப் பங்கில் ஒரு பங்கு காரீயம் இருந்தால் 7.6 அளவில். றேடியோவில் பற்றவைக்க வாங்கும், 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் சேர்ந்த கலவை 8.5. பாதிக்குப் பாதி 8.9. தனிக் காரீயம் 11.3.

எழுதிக்கொண்டிருக்கும்போதே எழும்பிப் போய் என்னுடைய பழைய கட்டியைத் தேடி எடுத்தேன். 1980களின் நடுவில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கியது. சுத்தம் என்று சொல்லி வாங்கியது.

ஜனவரி 8, இரவு 11 மணி

412 கிராம். தண்ணீரில் 52. வகுத்தால் 7.9.

மூன்று தடவை செய்தேன். நூலை மாற்றினேன், தராசை மாற்றினேன். 7.9தான். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காரீயம்.

ஒரு முனையைத் தட்டி மெல்லிசாக்கி வளைத்துப் பார்த்தேன். ஏதோ மெல்லியதாகக் கேட்கிறது. வாங்கிய அன்றும் இவ்வளவுதான் கேட்டிருக்கும். அதைப் போதும் என்று எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி 9

இரவு நித்திரை இல்லை. அந்தக் கட்டியால் இரண்டு பாத்திரத்துக்கு என் கையாலேயே பூசியிருக்கிறேன். ஒன்று எங்கள் வீட்டுச் சருவம். மற்றது அக்காவுடையது. ஈயம் பூச வருகிறவர்கள் வராமல் போன காலம். றேடியோவுக்குப் பற்றவைக்கத் தெரிந்தவனுக்கு இது என்ன பெரிய வேலை என்று செய்தேன்.

விடிய அக்கா வீட்டுக்கு, அன்புவழிபுரத்துக்குப் போனேன். சருவம் அட்டாளையில் கிடந்தது. இருபது வருடமாக எடுக்கவில்லை, சில்வர்ச் சட்டி வந்த பிறகு யார் பித்தளையைத் தூக்குவது என்றா. அதற்கு முன் எத்தனை நாள் அதில் புளிக்குழம்பு கொதித்திருக்கும் என்று அவவும் கணக்குப் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. பாத்திரத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எங்கள் வீட்டுச் சருவத்தில் இனிச் சமைப்பதில்லை. அதில் பூ மிதக்க விடலாம்.

இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்தக் கட்டியை எனக்கு விற்றவர் ஏமாற்ற நினைத்து விற்றாரா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் யாரோ சுத்தம் என்று சொல்லியே விற்றிருப்பார்கள். உங்கள் தெருவுக்கு வந்தவர் கதையும் இதுவாக இருக்கலாம்.

ஜனவரி 11

ஏன் கலக்கிறார்கள் என்ற கேள்விக்கு விலையைப் பார்த்தால் போதும். 2024 ஜனவரியில் லண்டன் சந்தையில் வெள்ளீயம் தொன் 25,000 டொலர் அளவில் போனது. காரீயம் 2,000 டொலரைச் சற்றுத் தாண்டி நின்றது. பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம்.

ஆனால் கலவையைத் திட்டிவிட்டுப் போக எனக்கு மனம் வராது. என் தொழிலே அந்தக் கலவைதான். வெள்ளீயம் 63, காரீயம் 37 என்று சேர்த்தால் இரண்டும் தனித்தனியே உருகுவதைவிடக் குறைந்த சூட்டில், 183 பாகையில், ஒரேயடியாகத் தண்ணீராகும், ஒரேயடியாக உறையும். பற்று பளபளவென்று நிற்கும். 2006 யூலையில் ஐரோப்பா மின்கருவிகளில் காரீயத்தைத் தடுத்த பிறகு வந்த சாமான்களுக்குச் சூடும் கூட வேண்டும், பற்றும் மங்கலாகத் தெரியும். நல்ல பற்றா, விட்ட பற்றா என்று கண்ணால் சொல்ல எனக்கு இரண்டு வருடம் எடுத்தது.

காரீயம் இன்னொன்றும் செய்தது. சுத்த வெள்ளீயப் பூச்சிலிருந்து மயிரை விட மெல்லிய ஊசிகள் தாமாகவே முளைக்கும். 1960களின் றேடியோக்களில் ஏஎஃப் 117 என்று ஒரு திரான்சிஸ்டர், நாலு கால் உள்ளது. அதன் பேணிக்குள் வெள்ளீயம் பூசியிருக்கும். வருடங்கள் போகப் போக உள்ளே ஊசி முளைத்து, பேணியையும் உள்ளிருக்கும் கம்பியையும் தொட்டுவிடும். றேடியோ ஊமையாகும். கொண்டுவருகிறவர்கள் திரான்சிஸ்டர் செத்துவிட்டது என்பார்கள். பேணியோடு சேர்ந்த நாலாவது காலை வெட்டிவிட்டால் பல வேளை பழையபடி பாடும். காரீயம் கலந்த பூச்சில் இந்த ஊசி முளைப்பது மிகக் குறைவு.

எனவே காரீயத்துக்கு இடம் உண்டு. சட்டிக்குள் இல்லை.

ஜனவரி 12

நேற்று எழுதியதோடு ஒட்டி ஒன்று. 1950இல் இங்கே கோணேசர் கோயிலுக்குக் கிட்டக் கிணறு தோண்டும்போது மண்ணுக்குள்ளிருந்து சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி திருவுருவங்கள் வெளிப்பட்டன. போர்த்துக்கேயர் 1622இல் கோயிலை இடித்தார்கள். அதற்கெல்லாம் முந்திய சோழர் காலத்து வார்ப்பு என்று சொல்லப்படுபவை. அந்த மரபில் வார்த்த உருவங்களில் செம்போடு கொஞ்சம் வெள்ளீயமும் காரீயமும் சேர்ப்பார்கள். செம்பு மட்டும் தனியே அச்சின் நுணுக்கமான மடிப்புகளுக்குள் ஓடாது. வெள்ளீயம் சேர்ந்தால் உருகுநிலை இறங்கும், ஆறியபின் உறுதி கூடும்.

மணிக்குக் கணக்கு வேறு. அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் வெள்ளீயம் போகும். அந்த நீண்ட நாதம் அதனால்தான். கீழே விழுந்தால் ஓடு போல உடைவதும் அதனால்தான்.

ஜனவரி 15

மண்பானையில் பொங்கியதாக உப்புவெளியிலிருந்து செய்தி வந்தது. அம்மா ஒரு நாள் முழுக்கக் கதைக்கவில்லையாம். பிறகு பொங்கல் பொங்கிவழிந்த திசையைப் பார்த்துச் சமாதானமாகிவிட்டாவாம்.

ஜனவரி 21

"பால்பேணிகளை உருக்கி வெள்ளீயம் எடுத்தால் என்ன?" நல்ல கேள்வி. உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

பேணித் தகட்டில் ஒரு பக்கத்துக்கு, ஒரு சதுர மீட்டருக்கு 2.8 கிராம் வெள்ளீயம் என்பது வழக்கமான அளவுகளில் ஒன்று. தடிப்பு என்று பார்த்தால் ஒரு மில்லிமீட்டரை இரண்டாயிரமாகப் பிரித்தால் வருகிற துண்டைவிடவும் குறைவு. ஒரு கட்டிப்பால் பேணியை விரித்தால் 280 சதுர சென்ரிமீட்டர் வரும். இரு பக்கமும் சேர்த்துக் கால் கிராம்கூட இல்லை. நூறு பேணி சேர்த்தாலும் 15 கிராம் அளவில். அதோடு இன்றைய பேணி மூடிகள் பலவற்றில் வெள்ளீயமே கிடையாது, குரோமியம் பூசுகிறார்கள். விட்டுவிடுங்கள்.

வெள்ளீயப் பூச்சை நம்பித்தான் உலகம் இருநூறு வருடமாகப் பேணியில் சாப்பிடுகிறது. 1810இல் பீற்றர் டுராண்ட் லண்டனில் காப்புரிமை எடுத்தார். சில வருடங்களுக்குள் அங்கே தொழிற்சாலை வந்துவிட்டது. பேணி திறக்கும் கருவிக்கு 1858இல்தான் அமெரிக்காவில் காப்புரிமை எடுத்தார்கள். அதற்கு முன் பெரும்பாலும் உளியும் சுத்தியலும்தான்.

நம் வீடுகளில் பேணியின் ஆயுள் பால் முடிந்த பிறகுதான் தொடங்கும். அரிசி அளக்கும் சுண்டு, குப்பிவிளக்கு, கிணற்றடியில் தண்ணீர் மொள்ள ஒன்று. எங்கள் வீட்டுச் சுண்டுப்பேணி கைபட்டுக் கைபட்டு இரும்பு தெரியத் தொடங்கியதும் ஒரே மாரிக்குள் ஓட்டையாகிவிட்டது. கூரைத் தகடு கீறுப்பட்டால் நாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். வெள்ளீயம் அப்படிச் செய்யாது. பூச்சு முழுதாக இருக்கும் வரை நல்ல காவல். ஓரிடத்தில் கீறிவிட்டால் அந்தக் கீறலில் இரும்பு முந்தித் துருப்பிடிக்கும். டச்சுக்குடாக் காற்று வேறு உப்பைக் கொண்டுவந்து கொட்டும்.

பேணிக்கு உள்ளே இது தலைகீழாக நடக்கும். காற்றில்லாத புளிப்புச் சாற்றில் வெள்ளீயம்தான் முதலில் கரையும், இரும்பு தப்பும். அதனால் அன்னாசிப் பேணியைத் திறந்தால் மிச்சத்தைக் கண்ணாடிப் போத்தலுக்கு மாற்றுங்கள். திறந்து காற்றுப் பட்டதும் கரைவது வேகமாகும். பேணிச் சாப்பாட்டில் ஒரு கிலோவுக்கு 250 மில்லிகிராம் வெள்ளீயம் வரை என்று உலக உணவு விதிகள் எல்லை போட்டிருக்கின்றன. அதற்கு மேல் போனால் வயிற்றைப் பிரட்டும், வாந்தி வரும்.

பெப்ரவரி 4

புல்மோட்டை மணலில் வெள்ளீயம் இருக்கிறதாமே என்று இருவர் எழுதிவிட்டார்கள். புல்மோட்டையில் அள்ளுவது இல்மனைற்று, உரூற்றைல், சிர்க்கன். முதல் இரண்டிலும் இருப்பது தைத்தேனியம். கறுப்பு மணல், பாரமான மணல் என்பதால் வந்த மயக்கம். வெள்ளீயத் தாதுவும் ஆற்றுப்படுகையில் பாரமான மணலாகத்தான் கிடைக்கும், ஆனால் அது மலாயாவில்.

இதை எனக்குச் சொன்னவர் அப்பாவின் அப்பா. மலாயாவில் றெயில்வேயில் வேலை பார்த்துப் பென்சனோடு வந்தவர். அங்கே முதலில் போட்ட றெயில் பாதையே 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைக்கு, வெள்ளீயம் ஏற்றுவதற்காகத்தான் என்று பெருமையாகச் சொல்வார். கிந்தாப் பள்ளத்தாக்கில் சீனப் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று, டுலாங் என்ற மரத்தட்டில் மணலைச் சுழற்றி அரிப்பார்களாம். இலேசான மணல் விளிம்பால் போய்விடும், தாது நடுவில் நிற்கும். ஆச்சி முற்றத்தில் அரிசி அரிக்கும்போது அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். "இதே கைதான்" என்பார்.

பெப்ரவரி 17

வெள்ளீயம் நஞ்சில்லை என்று முதல் நாள் எழுதினேன். அதற்கு ஓர் எல்லை போட வேண்டும். உலோகமாக இருக்கும் வெள்ளீயம் வேறு. அதைக் கரிமச் சேர்மமாக்கிக் கப்பலடிக்குப் பூசும் வர்ணத்தில் கலந்தார்களே, அது வேறு. சிப்பியும் பாசியும் ஒட்டாமல் இருக்கத் திரிபியூற்றைல் வெள்ளீயம் என்று ஒன்றைப் போட்டார்கள். துறைமுகங்களில் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு வளர்ந்து, முட்டையிட முடியாமல் போன பிறகுதான் காரணம் தெரிந்தது. 2001இல் சர்வதேச உடன்படிக்கை எழுதி, 2008 செப்டெம்பரில் தடை முழுதாக நடைமுறைக்கு வந்தது. உள்துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். எத்தனை நாட்டுக் கப்பல் வந்து நின்றிருக்கும் என்று நினைக்கும்போது கலக்கமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 3

கொழும்பிலிருந்து நல்ல வெள்ளீயம் ஒரு கிலோ எடுப்பித்தேன். நிறுத்தேன், தண்ணீரில் இறக்கினேன், 7.3. இந்தத் தராசால் நூற்றில் இரண்டு மூன்று பங்கு காரீயத்தைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் தரச்சான்றும் கேட்டு வாங்கினேன்.

உப்புவெளித் தங்கச்சி அந்த ஈயம் பூசுகிறவரையும் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தா. எனக்கு முதலில் தயக்கம். அவரோ தன்னுடைய கட்டியைத் தானே எடுத்துத் தராசில் வைத்தார். 546 கிராம், தண்ணீரில் 60. வகுத்து 9.1 என்று சொன்னேன். பாதிக்கு மேல் காரீயம். மனிதன் வெகுநேரம் பேசவில்லை. "என்ர வீட்டுப் பானைக்கும் இதைத்தான் பூசினனான், ஐயா" என்றார். என்னுடைய 7.9 கட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

பிறகு முற்றத்தில் குழி தோண்டினோம். முதல் வேலையாக அம்மம்மாவின் சருவத்தில் மிச்சமிருந்த பழைய பூச்சைச் சூடாக்கித் துடைத்து எடுத்தார். துணியை எரிக்காமல் மண்ணெண்ணெய்ப் பேணி ஒன்றில் போட்டு மூடினோம். பிறகு புளி, மணல், நவச்சாரம். வெள்ளைப் புகை எழும்பியபோது தங்கச்சியின் அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டும் கிட்டவே நின்றா. அதில் பொரிக்கவோ தாளிக்கவோ வேண்டாம், வெறும் பாத்திரமாக அடுப்பில் வைக்கவும் வேண்டாம், பூச்சு உருகிவிடும் என்று அவவுக்கு இரண்டு தரம் சொன்னேன்.

மிஞ்சிய வெள்ளீயத்தை அவர் சீமெந்துத் தரையில் ஒரு கோடாக ஊற்றி ஆறவிட்டார். அதை எடுத்துத் தங்கச்சியின் அம்மாவிடம் கொடுத்து, காதில் வைத்து வளைக்கச் சொன்னேன். நானும் குனிந்து கேட்டேன். எவ்வளவு பலத்த சத்தம்.

அவருடைய பானையை அடுத்த ஞாயிறு கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அவருடைய கட்டி இப்போது என் மேசையில், பற்றவைக்கிற சாமான்களோடு இருக்கிறது.